மத்திய வங்கி, வட்டி, பணவீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலைவாசி, வட்டி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. பொருளாதார அறிஞர்களே ஒத்துப்போகாத இடங்களில் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, எனக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

1. மத்திய வங்கி என்றால் நோட்டு அடிக்கிற இடம்தானே?

நோட்டு வெளியிடுவதும் அதன் வேலைதான், ஆனால் அது சிறிய பங்கு. நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதுபோல, வங்கிகளுக்கு மத்திய வங்கியில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு ரிசர்வ் என்று பெயர். ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குக் கொடுக்க வேண்டியதை இந்த ரிசர்வை மாற்றித்தான் தீர்க்கிறது. மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு வங்கிக்கு ரிசர்வ் குறைந்தால், மிச்சம் வைத்திருக்கும் வங்கியிடம் ஓரிரவுக்குக் கடன் வாங்கும். அந்த ஓரிரவு வட்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இன்றைய மத்திய வங்கியின் முதல் வேலை. செய்தியில் 'வட்டி விகிதம் உயர்வு' என்று வருவது இதைத்தான்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. மத்திய வங்கிகளிலேயே பழையது ஸ்வீடனின் ரிக்ஸ்பேங்க், 1668-இல் தொடங்கியது. இங்கிலாந்து வங்கி 1694-இல் வந்தது, போர்ச் செலவுக்கு அரசுக்குக் கடன் கொடுப்பதற்காக. விலைவாசியைக் காப்பது தன் பொறுப்பு என்ற எண்ணமெல்லாம் மிகப் பிந்தியது.

2. நான் போடும் டெபாசிட்டை எடுத்துத்தானே வங்கி இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறது?

இந்த ஒன்று தெளிவானால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தெளிந்துவிடும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒருவர் வங்கியில் 5 லட்சம் கடன் கேட்கிறார், வங்கி சம்மதிக்கிறது. அந்த நிமிடம் வங்கியின் கணக்கில் இரண்டு வரிகள் எழுதப்படுகின்றன. சொத்துப் பக்கத்தில்: 'இவர் நமக்கு 5 லட்சம் தர வேண்டும்.' பொறுப்புப் பக்கத்தில்: 'இவருடைய கணக்கில் 5 லட்சம் இருக்கிறது.' அவ்வளவுதான். வேறு யாருடைய டெபாசிட்டிலிருந்தும் ஒரு காசு குறையவில்லை. காலையில் இல்லாத 5 லட்சம் இப்போது பொருளாதாரத்தில் இருக்கிறது. அவர் கடனை அடைக்க அடைக்க அதே பணம் மறையும்.

இங்கிலாந்து வங்கி 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாகவே விளக்கி எழுதியது. பாடப்புத்தகங்கள் சொல்லும் வரிசை தலைகீழானது, கடன்தான் டெபாசிட்டை உருவாக்குகிறது என்பதே அதன் சாரம். மக்கள் கையாளும் பணத்தில் பெரும்பகுதி இப்படி வணிக வங்கிகள் எழுதி உருவாக்கியது. நோட்டும் நாணயமும் சிறு பகுதி.

3. அப்படியென்றால் வங்கி இஷ்டத்துக்குப் பணம் உருவாக்கலாமா?

முடியாது. கடன் வாங்கியவர் அந்த 5 லட்சத்தை வேறு வங்கியில் கணக்கு வைத்திருப்பவருக்கு அனுப்பினால், முதல் வங்கி அதே அளவு ரிசர்வை அந்த வங்கிக்கு மாற்ற வேண்டும். கையில் இல்லையென்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். கடன் திரும்பாவிட்டால் நஷ்டம் வங்கியின் சொந்த மூலதனத்தில் விழும், அந்த மூலதனத்துக்குக் குறைந்தபட்ச விதி உண்டு. லாபத்தோடு கடன் கொடுக்கத் தகுந்த ஆளும் கிடைக்க வேண்டும்.

'ரிசர்வ் விகிதம் 10 சதவீதம் என்றால் பணம் பத்து மடங்கு பெருகும்' என்ற பெருக்கிக் கணக்கைப் பலரும் படித்திருப்போம். நடைமுறையில் வங்கி முதலில் கடன் கொடுத்துவிட்டுத்தான் ரிசர்வைத் தேடுகிறது. தன் இலக்கு வட்டி நிலைக்க வேண்டுமென்றால், கேட்ட ரிசர்வை மத்திய வங்கி கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் கட்டாய ரிசர்வ் விகிதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். பெருக்கிக் கணக்குப்படி பணம் எல்லையில்லாமல் பெருகியிருக்க வேண்டும், அப்படி ஆகவில்லை. கடிவாளம் பணத்தின் விலையில், அதாவது வட்டியில் இருக்கிறது.

4. வட்டியை ஏற்றினால் தொழில் நடத்துபவருக்குச் செலவு கூடும், விலையும் கூடத்தானே செய்யும்?

நியாயமான சந்தேகம். வட்டிச் செலவு விலையில் ஏறுவது சிறிய அளவில் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எதிர்த்திசையில் இழுப்பவை பல. புதுக் கடன் வாங்கத் தயங்குகிறார்கள், வீடு கட்டுவதும் இயந்திரம் வாங்குவதும் தள்ளிப்போகிறது, சேமிப்பவர் செலவைக் குறைக்கிறார், நாணய மதிப்பு ஏறி இறக்குமதி மலிவாகிறது. தேவை தளர்ந்தால் விலையை ஏற்றும் துணிச்சல் விற்பவருக்கு வராது.

இதற்கு நாளாகும். இந்தத் தாமதம் நீண்டது, ஒவ்வொரு முறையும் மாறுவது என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்னது இன்றும் பொருந்துகிறது. ஓராண்டிலிருந்து இரண்டாண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று எடுக்கும் முடிவு அடுத்த ஆண்டின் நிலைமைக்குப் பொருந்த வேண்டும், ஆனால் கையில் இருப்பதோ போன மாதத்துப் புள்ளிவிவரம். மத்திய வங்கிகளைத் திட்டுமுன் இந்தச் சிரமத்தை நினைத்துப்பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

5. எல்லோரும் 2 சதவீதப் பணவீக்கம் என்கிறார்கள். பூஜ்யம்தானே சரி? அந்த 2 எங்கிருந்து வந்தது?

சொன்னால் பலர் நம்புவதில்லை: ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் அல்ல அது. 1988-இல் நியூசிலாந்தின் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பணவீக்கத்தை 0 முதல் 1 சதவீதத்துக்குக் கொண்டுவர விரும்புவதாகச் சொன்னார். அந்நாட்டு மத்திய வங்கிச் சட்டம் 1989-இல் வந்தது. 1990-இல் 0 முதல் 2 சதவீதம் என்று முறைப்படி இலக்கு வைத்தார்கள். 1991-இல் கனடாவும் 1992-இல் பிரிட்டனும் பணவீக்க இலக்குக்கு வந்தன. அமெரிக்கா வெளிப்படையாக 2 என்று அறிவித்தது 2012-இல்தான், ஜப்பான் 2013-இல்.

பூஜ்யம் வேண்டாம் என்பதற்குப் பிறகு நல்ல காரணங்கள் சேர்ந்தன. பொருளின் தரம் உயர்வதை விலைக் குறியீடு சரியாகப் பிடிப்பதில்லை, அதனால் பணவீக்கத்தைச் சற்று மிகைத்தே காட்டும். கூலியைக் குறைப்பது எளிதல்ல, சிறு பணவீக்கம் இருந்தால் கூலியின் எண்ணைத் தொடாமலே அதன் உண்மை மதிப்பு இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், மந்தநிலை வரும்போது வட்டியைக் குறைக்க இடம் வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தை வைத்துத்தான், 2010-இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஒலிவியே பிளான்ஷார், 4 சதவீதத்தை ஏன் யோசிக்கக்கூடாது என்று கேட்டார். வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் இருபது வருடமாக 2 என்று சொல்லிவிட்டு, எட்ட முடியாதபோது 4 என்று மாற்றினால், நாளை 6 ஆகாது என்று யார் நம்புவார்கள்? எனக்கு இந்தத் தயக்கம் பெரிதாகப் படுகிறது.

6. பண அளவைக் கட்டுப்படுத்தினால் பணவீக்கம் தானாக அடங்கும் என்றுதானே ஃப்ரீட்மன் சொன்னார்?

ஆமாம். ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1963-இல் வெளியிட்ட அமெரிக்கப் பணவியல் வரலாறு, 1930களின் பெருமந்தத்தில் பண அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதையும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் காட்டியது. அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது. அதிலிருந்து அவர் எடுத்த மருந்துச்சீட்டு, பண அளவை ஆண்டுதோறும் நிலையான விகிதத்தில் வளர விட்டுவிடு, வேறெதையும் தொடாதே என்பது. நிற்காமல் போனது அதுதான்.

1979 அக்டோபரில் பால் வோல்கர் தலைமையில் ஃபெடரல் ரிசர்வ் பண அளவைக் குறிவைத்தது. வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. வீடு கட்டுபவர்கள் மரக்கட்டைகளை ஃபெடரல் ரிசர்வுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள், இதை வாங்கிக் கட்ட ஆளில்லை என்று. கார் விற்பவர்கள் விற்காத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டரோடு வந்து கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். வேலையின்மை 1982 கடைசியில் 10.8 சதவீதம். பணவீக்கம் உடைந்தது உண்மை. ஆனால் எந்தப் பணத்தை அளப்பது என்பதிலேயே குழப்பம் வந்தது. புது வகைக் கணக்குகள் முளைத்தன, பணம் கைமாறும் வேகம் மாறியது, பழைய உறவுகள் அறுந்தன. 1982-இலேயே அந்த இலக்கை ஒதுக்கிவைத்தார்கள்.

பிரிட்டனில் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இலேயே இதைச் சொல்லியிருந்தார்: ஒரு புள்ளிவிவர உறவைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினால் அந்த உறவே குலைந்துவிடும். நானோ இரண்டாம், மூன்றாம் பதில்களை வைத்தே இதைப் பார்க்கிறேன். பணத்தை எழுதுவது வங்கிகள் என்றால், அதன் அளவை மத்திய வங்கி நேரடியாகப் பிடிக்க முடியாது.

7. கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் நிறையப் பேருக்கு வேலை கிடைக்குமே, அதில் என்ன தவறு?

இது 1960களின் நம்பிக்கை. ஏ. டபிள்யூ. ஃபிலிப்ஸ் 1958-இல் பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையான புள்ளிகளைக் குறித்து, வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியதைக் காட்டினார். பிறர் அதை ஒரு பட்டியலாகவே பார்த்தார்கள்: இந்த அளவு பணவீக்கத்துக்கு இந்த அளவு வேலை. ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் தனித்தனியாக எச்சரித்தார்கள். மக்கள் ஒருமுறை ஏமாறுவார்கள், பிறகு 5 சதவீத விலையேற்றத்தை எதிர்பார்த்தே கூலி கேட்பார்கள், வேலையின்மை பழைய இடத்துக்குத் திரும்பும், கையில் மிஞ்சுவது பணவீக்கம் மட்டும். 1970களில் விலையும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறியது அவர்கள் சொன்னதை உறுதிசெய்தது.

ஆனாலும் இதைக் கேட்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். வேலையிழப்பு எண் அல்ல, குடும்பம். பணவீக்கத்தை அடக்கக் கட்டாயம் இத்தனை பேர் வேலையிழக்க வேண்டும் என்ற கணக்கும் பொய்த்திருக்கிறது. 2022 ஜூனில் பொருளாதார அறிஞர் லாரி சம்மர்ஸ், அமெரிக்காவில் ஐந்து வருடம் 5 சதவீதத்துக்கு மேல் வேலையின்மை தேவைப்படும் என்றார். ஃபெடரல் ரிசர்வின் கிறிஸ்டபர் வாலர், காலிப் பணியிடங்கள் குறைந்தாலே போதும் என்றார். பணவீக்கம் 9.1-இலிருந்து 2023 கடைசியில் 3.4 ஆனபோது வேலையின்மை 4-ஐத் தொடவில்லை. அந்த முறை வாலர் சரி.

8. ஒரு சூத்திரம் போட்டு கணினியிடம் விட்டுவிட்டால் மனிதர்கள் எதற்கு?

சூத்திரம் இருக்கிறது. ஜான் டெய்லர் 1993-இல் கொடுத்தது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பணவீக்கம் 4, இலக்கு 2, பொருளாதாரம் தன் திறனைவிட 1 சதவீதம் அதிகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் 4, அதோடு இயல்பான உண்மை வட்டி (வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது) 2, இலக்கைத் தாண்டிய 2-இல் பாதி 1, அதிக ஓட்டத்தில் பாதி 0.5. ஆக 7.5 சதவீதம். பணவீக்கம் 1 ஏறினால் வட்டியை 1.5 ஏற்று என்பதுதான் இதன் உயிர். ஏற்றம் 1-க்கும் குறைந்தால் உண்மை வட்டி இறங்கி, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகும்.

விதியின் பக்கம் வலுவான வாதம் ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் இருவரும் 1977-இல் வைத்தது, 2004-இல் நோபல் பரிசு பெற்ற வேலைகளில் ஒன்று. நல்லெண்ணம் உள்ள அதிகாரிகூட ஒவ்வொரு நாளும் அன்றைக்கு நல்லதைச் செய்தால் மொத்தத்தில் மோசமாக முடியும், ஏனென்றால் அவர் நாளை தளர்வார் என்று எல்லோரும் இன்றே எதிர்பார்ப்பார்கள். சரி, அப்புறம் ஏன் விதியைக் கட்டாயமாக்கவில்லை? சூத்திரத்துக்குள் போகும் எண்களே அளக்க முடியாதவை. அந்த 'இயல்பான 2' உண்மையில் 0.5 ஆக இருந்தால் விடை 7.5 அல்ல, 6.

9. அந்த 'இயல்பான வட்டி' யாருக்காவது தெரியுமா?

நேரில் பார்த்தவர் இல்லை. ஸ்வீடனின் க்னூட் விக்செல் 1898-இல் கொடுத்த கருத்து அது: பணவீக்கத்தைக் கூட்டவும் செய்யாத, குறைக்கவும் செய்யாத உண்மை வட்டி. மக்கள்தொகை, உற்பத்தித்திறன், சேமிப்புப் பழக்கம் போன்றவை அதைத் தீர்மானிக்கின்றன, மத்திய வங்கி அல்ல. மதிப்பீடுகளின் பிழை எல்லை ஓரிரு சதவீதப் புள்ளி அகலம். அதனால் பெரும்பாலான மத்திய வங்கிகள் அதைத் திசைக்குறியாக வைத்துக்கொள்கின்றன, கட்டளையாக அல்ல.

10. யாரும் ஓட்டுப் போடாத அதிகாரிகள் எல்லோருடைய கடன் வட்டியையும் தீர்மானிப்பது ஜனநாயகமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சுதந்திரத்தின் பக்கம் சொல்லப்படுவது: தேர்தலுக்கு முன் வட்டியைக் குறைக்கும் ஆசை எந்த அரசுக்கும் வரும். 1972 தேர்தலுக்கு முன் அமெரிக்க அதிபர் நிக்சன், ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஆர்தர் பர்ன்ஸைத் தளர்த்தச் சொல்லி நெருக்கியது ஒலிநாடாக்களில் பதிவாகியிருக்கிறது. 1993-இல் ஆல்பர்ட்டோ அலெசினாவும் சம்மர்ஸும் வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டு, சுதந்திரம் கூடிய இடத்தில் சராசரிப் பணவீக்கம் குறைவு என்று காட்டினார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு வரலாறு. 1922-இல் நேச நாடுகளின் வற்புறுத்தலால் ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பேங்குக்குச் சட்டப்படி சுதந்திரம் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டுதான் அந்தப் பேர்போன அதிபணவீக்கம். காகிதச் சுதந்திரம் மட்டும் போதாது, பணவீக்கத்தை வெறுக்கும் சமூகம் பின்னால் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் ஏற்கும் நடுவழி, இலக்கையும் கருவியையும் பிரிப்பது. பிரிட்டன் 1997-இல் அப்படித்தான் செய்தது: எவ்வளவு பணவீக்கம் என்பதை அரசு சொல்லும், அதை எட்ட வட்டி எவ்வளவு என்பதை இங்கிலாந்து வங்கியின் குழு முடிவு செய்யும், தவறினால் ஆளுநர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

11. 2008-க்குப் பிறகு இவ்வளவு பணத்தைக் கொட்டியும் விலை ஏன் ஏறவில்லை?

கொட்டியது எதை என்று பார்க்க வேண்டும். வட்டி பூஜ்யத்தைத் தொட்டபின் மத்திய வங்கிகள் நீண்டகாலக் கடன்பத்திரங்களை வாங்கின. ஜப்பான் 2001-இலேயே தொடங்கிவைத்த வழி இது. ஃபெடரல் ரிசர்வின் சொத்து 2008 நெருக்கடிக்கு முன் ஏறக்குறைய 0.9 டிரில்லியன் டாலர், 2022-இல் ஏறக்குறைய 9 டிரில்லியன். கடன்பத்திரம் போய் ரிசர்வ் வந்தது, அதாவது ஒரு சொத்துக்கு இன்னொன்று மாற்று. முதல் பதிலில் சொன்ன ரிசர்வ் வங்கிகளுக்குள்ளேயே சுற்றுவது, அது பெருகியதற்காக யாரும் கூடுதல் கடன் கேட்பதில்லை. 2010 நவம்பரில் சில பொருளாதார அறிஞர்களும் முதலீட்டாளர்களும் பணமதிப்பு சரியும் என்று அப்போதைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் சிக்கல் பணவீக்கம் 2-ஐ எட்டாததுதான்.

எப்படி வேலை செய்கிறது என்பதில் சண்டை தீரவில்லை. நீண்டகாலப் பத்திரங்கள் சந்தையில் குறைந்தால் அவற்றின் வட்டி இறங்கும் என்பது ஒரு விளக்கம். 'வட்டியை நெடுநாள் ஏற்ற மாட்டோம்' என்ற வாக்குறுதிக்கு அது அடையாளம் என்பது இன்னொன்று. சொல்லின் பலத்துக்கு நல்ல சாட்சி 2012 ஜூலை 26. யூரோவைக் காக்க வேண்டியதை எல்லாம் செய்வோம் என்று அப்போதைய ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகி லண்டனில் சொன்னார். ஸ்பெயின், இத்தாலிப் பத்திர வட்டிகள் இறங்கின. அதற்காக அறிவித்த திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்கப்படவில்லை. சொத்து விலை ஏறி, சொத்து வைத்திருப்பவர்களே கூடுதலாகப் பயனடைந்தார்கள் என்ற விமர்சனத்தை நான் தள்ளமாட்டேன்.

12. இவ்வளவு ரிசர்வ் கிடக்கும்போது வட்டியை எப்படி ஏற்றுகிறார்கள்?

அந்த ரிசர்வுக்கே வட்டி கொடுத்து. ஃபெடரல் ரிசர்வ் 2008 அக்டோபரிலிருந்து கொடுக்கிறது. மத்திய வங்கியிடம் சும்மா வைத்தாலே 5 கிடைக்கும் என்றால், எந்த வங்கியும் அதற்குக் குறைத்து வெளியே கடன் கொடுக்காது. வங்கிகளுக்கு இலவச வருமானமா என்ற கோபம் இதிலிருந்து வருகிறது. ரிசர்வில் ஒரு பகுதிக்கு மட்டும் வட்டி கொடுக்கலாம் என்ற யோசனை எனக்கு நியாயமாகவே தெரிகிறது.

13. வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகுமா? பணம் போட்டால் நான் கட்டணம் கட்ட வேண்டுமா?

போயிருக்கிறது. டென்மார்க் 2012-இல், ஐரோப்பிய மத்திய வங்கி 2014-இல், ஜப்பான் 2016-இல் கீழே இறங்கின. சுவிட்சர்லாந்து மைனஸ் 0.75 வரை போனது. ஜப்பான் 2024 மார்ச்சில்தான் மேலே வந்தது. சாதாரண மக்களின் டெபாசிட்டுகளுக்குப் பெரும்பாலும் அது வரவில்லை, ஏனென்றால் நோட்டாக எடுத்து வைத்துக்கொள்ளும் வழி எப்போதும் உண்டு. பெரும்பணத்தை நோட்டாக வைத்துக் காப்பதற்கு ஆகும் செலவுதான் அடித்தளம். வங்கிகளின் லாபம் கரைந்து கடன் கொடுப்பதையே குறைத்துவிடும் ஒரு புள்ளி உண்டு என்றும் சொல்கிறார்கள். அந்தப் புள்ளி எங்கே என்பதில்தான் தகராறு.

14. மத்திய வங்கிக்கு நஷ்டம் வந்தால் திவாலாகுமா?

சொந்த நாணயத்தில் கடன்பட்டிருக்கும்வரை ஆகாது. சுவிஸ் தேசிய வங்கி 2022-இல் 132 பில்லியன் பிராங்க் நஷ்டம் காட்டியது, அடுத்த நாள் வழக்கம்போல இயங்கியது. செக் நாட்டிலும் சிலியிலும் மத்திய வங்கிகள் எதிர்மறை மூலதனத்தோடு, அதாவது சொத்தைவிடப் பொறுப்பு அதிகமாக, பல ஆண்டுகள் இயங்கின. ஆனால் நஷ்டம் அரசியலாகும். அரசுக்குப் போக வேண்டிய லாபம் நின்றால் கேள்வி வரும், பத்தாம் பதிலில் பேசிய சுதந்திரம் அங்கேதான் சோதிக்கப்படும்.

15. 2021-இல் 'தற்காலிகம்' என்றார்களே, அது பொய்தானே?

விலையேற்றம் தானே அடங்கிவிடும் என்று மத்திய வங்கிகள் சொன்னது பொய் என்பதைவிடத் தப்புக்கணக்கு. பணவீக்கம் அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதம், யூரோ பகுதியில் அக்டோபரில் 10.6, பிரிட்டனில் அதே மாதம் 11.1. கப்பல் நெரிசல், சில்லுத் தட்டுப்பாடு, உக்ரைன் போருக்குப்பின் எரிபொருள் ஒரு பக்கம். பெரும் அரசுச் செலவு, தாமதமான வட்டி ஏற்றம் மறுபக்கம். ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்வரை பூஜ்யத்திலேயே நின்றது. பெர்னான்கியும் பிளான்ஷாரும் 2023-இல் பிரித்துப் பார்த்து, ஆரம்ப ஏற்றம் பெரும்பாலும் பொருள் தட்டுப்பாட்டாலும் விலை அதிர்ச்சிகளாலும் வந்தது, தொழிலாளர் சந்தையின் இறுக்கம் பிறகே சேர்ந்தது என்றார்கள். எனக்கும் அதுவே பொருந்துகிறது. தட்டுப்பாடு தீர்ந்ததும் விலையேற்றம் தணிந்தது, அந்த வகையில் 'தற்காலிகம்' என்றதில் உண்மை உண்டு. ஆனால் மக்கள் கொடுக்கும் விலை பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை. ஏற்றத்தின் வேகம் குறைவதும் விலை குறைவதும் வேறு வேறு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய தவறு.

16. வட்டியைக் குறைத்தால்தான் பணவீக்கம் குறையும் என்றும் சிலர் சொல்கிறார்களே?

அதற்கு ஒரு மரியாதையான வடிவமும் உண்டு. நீண்டகாலத்தில் வட்டி என்பது உண்மை வட்டியும் எதிர்பார்க்கும் பணவீக்கமும் சேர்ந்தது. எனவே வட்டியை நிரந்தரமாகத் தாழ்த்தி வைத்தால் பணவீக்கமும் ஒருநாள் அதனோடு தாழ வேண்டும் என்று ஜான் காக்ரேன் போன்றோர் கோட்பாட்டளவில் வாதிட்டார்கள். ஜப்பானின் நீண்ட பூஜ்ய வட்டியும் தாழ்ந்த பணவீக்கமும் அவர்களுக்கு உதாரணம்.

துருக்கி கதை வேறு. 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டியை டிசம்பருக்குள் 14 ஆக்கினார்கள், பணவீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே. லிரா சரிந்தது. 2022 அக்டோபரில் அதிகாரப்பூர்வப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் 2024 மார்ச்சுக்குள் வட்டியை 50-க்கு ஏற்ற வேண்டி வந்தது. எட்டாம் பதிலில் சொன்ன 'ஒன்றுக்கு ஒன்றரை' விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சம்பளக்காரர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

17. தங்கத்துக்கே திரும்பிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இருக்காதே?

தங்க முறை என்றால் பணத்தைத் தங்கத்தோடு கட்டிவைப்பது. தங்க அளவு சுரங்கத்தைப் பொறுத்தது, பொருளாதாரத்தின் தேவையைப் பொறுத்ததல்ல. 1870களிலிருந்து 1890களின் நடுப்பகுதிவரை விலைகள் இறங்கிக்கொண்டே வந்து, கடனாளி விவசாயிகளை நசுக்கின. பெருமந்தத்தின்போது 1931-இல் தங்கத்தை விட்ட பிரிட்டன் முன்னதாக மீண்டது, 1936வரை பிடித்துத் தொங்கிய பிரான்ஸ் பின்தங்கியது. பேரி ஐகன்கிரீனும் ஜெஃப்ரி சாக்ஸும் 1985-இல் நாடுகளை ஒப்பிட்டுக் காட்டியது இதையே.

18. பங்கும் வீடும் எகிறும்போது வட்டியை ஏற்றி அடக்கலாமே?

ஸ்வீடன் செய்து பார்த்தது. பணவீக்கம் இலக்குக்கு மேல் இல்லாதபோதும், வீட்டுக் கடன் பெருக்கத்தையும் கவனத்தில் வைத்து ரிக்ஸ்பேங்க் 2010 ஜூலையிலிருந்து ஓராண்டில் வட்டியை 0.25-இலிருந்து 2-க்கு ஏற்றியது. துணை ஆளுநர் லார்ஸ் ஸ்வென்சன் கூட்டத்துக்குக் கூட்டம் எதிர்த்து வாக்களித்து, 2013-இல் விலகினார். பணவீக்கம் பூஜ்யத்துக்கு அருகே விழுந்தது. 2015-இல் வட்டி எதிர்மறைக்குப் போனது. இப்படிப்பட்ட விலைக் குமிழியை அடக்க, வீட்டுக் கடன் முன்பணம், வங்கி மூலதனம் போன்றவற்றுக்கான குறிப்பான விதிகளே முதல் கருவி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வட்டி எல்லா விரிசலிலும் புகும், விதிகளை ஏய்க்கலாம் ஆனால் வட்டியை ஏய்க்க முடியாது என்ற எதிர்வாதம் ஜெரமி ஸ்டைன் 2013-இல் வைத்தது, அதுவும் கவனிக்கத் தக்கதே.

19. சொந்த நாணயம் இருக்கும் அரசுக்குப் பணப் பஞ்சமே வராதே, பிறகு ஏன் கடன் வாங்குகிறது?

நவீனப் பணக் கோட்பாட்டுக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். கணக்கியலில் அவர்கள் சொல்வது சரி: சொந்த நாணயத்தில் கடன்பட்ட அரசு பணமில்லாமல் தவறத் தேவையில்லை, உண்மையான எல்லை பணவீக்கம்தான். நான் பிரிவது அதன் பிறகு. பணவீக்கம் வந்தால் வரியை ஏற்றித் தேவையைக் குறைக்கலாம் என்கிறார்கள். எந்த நாடாளுமன்றம் விலையேற்றத்தின் நடுவே, சில மாதங்களுக்குள், வரியை ஏற்றும்? நாலாம் பதிலில் சொன்ன தாமதம் வட்டிக்கே இவ்வளவு என்றால் வரிக்கு இன்னும் மோசம்.

20. அரசின் கடன் மலைபோல் இருக்கும்போது மத்திய வங்கியால் உண்மையிலேயே வட்டியை ஏற்ற முடியுமா?

இந்த வரிசையிலேயே கடினமானது இது. தாமஸ் சார்ஜன்ட்டும் நீல் வாலஸும் 1981-இல் ஒரு கணக்கு வைத்தார்கள். அரசு பற்றாக்குறையை நிறுத்தாமல், மத்திய வங்கி மட்டும் இறுக்கிப் பிடித்தால் வட்டிச் சுமை ஏறிக் கடன் இன்னும் பெருகும். ஒருநாள் மக்கள் வாங்கும் எல்லையைத் தாண்டும்போது மத்திய வங்கியே புதுப் பணம் உருவாக்கி அந்தக் கடனை வாங்க வேண்டும். இன்றைய இறுக்கம் நாளைய கூடுதல் பணவீக்கமாக முடியலாம். எனவே யார் முதலில் பணிவது என்பதே கேள்வி. விலைநிலையைத் தீர்மானிப்பதே அரசின் எதிர்கால உபரிகள்தான் (செலவு போக மிஞ்சும் வரவு) என்று இன்னொரு பள்ளி இதையும் தாண்டிப் போகிறது. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை, அந்த எதிர்கால உபரியை யாரும் பார்க்க முடியாது என்பதால்.

ஆனால் இப்படி ஒரு இழுபறி நடந்து முடிந்தும் இருக்கிறது. போர்ச் செலவைத் தாங்க, 1942 முதல் அமெரிக்க அரசின் நீண்டகாலப் பத்திர வட்டி 2.5 சதவீதத்தைத் தாண்டாமல் ஃபெடரல் ரிசர்வ் பிடித்துவைத்தது. போர் முடிந்தும் கருவூலம் விடவில்லை. கொரியப் போர் தொடங்கி விலை எகிறியதும் மோதல் வெளியே வந்தது. 1951 ஜனவரியில் அதிபர் ட்ரூமன் வட்டிக் குழுவினர் அனைவரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். அவர்கள் ஒப்புக்கொண்டதாக வெள்ளை மாளிகை அறிவித்தது. முன்னாள் தலைவரும் அப்போது குழு உறுப்பினருமான மாரினர் எக்கிள்ஸ், அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்று காட்டும் கூட்டக் குறிப்பைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். மார்ச் 4 அன்று கருவூலமும் ஃபெடரல் ரிசர்வும் உடன்பாட்டை அறிவித்தன, பத்திர வட்டியைப் பிடித்துவைக்கும் கடமை முடிந்தது.